குமிழி விடாத உளவாளி

பக்கத்துப் பஞ்சர் கடைக்காரருக்கு எங்கள் தெரு வைத்த பெயர் ‘உளவாளி’. நாவலை வைத்து எடுத்த பழைய உளவாளிப் படம் ஒன்று எப்போது மறுபடி திரைக்கு வந்தாலும் முதல் வரிசையில் இருப்பார். எதிர்க்கடை சலூன்காரருக்கு அதில் ரயில் கூரைச் சண்டைதான் உசத்தி. இவருக்கோ, எதிரிகள் தண்ணீரில் தலையை முக்கியும் கதாநாயகன் கூட்டாளிகளைக் காட்டிக்கொடுக்காத காட்சி.

அன்றும் ஒட்டுப் போட்ட ட்யூபைத் தொட்டியில் அமுக்கிக்கொண்டே, கடையில் உட்கார்ந்திருந்த என்னிடமும் சலூன்காரரிடமும் சொன்னார். “பாருங்க, ஒரு குமிழி வருதா? கல்லுளிமங்கன்னா அவன்தான்.”

“நாவல்ல முதல் முக்குலயே எல்லாத்தையும் கக்கிடுவான், அண்ணே. படத்துக்காக மாத்திட்டாங்க,” என்றேன்.

“அப்படின்னா எழுதினவனுக்கு மனுசனைப் பத்தி ஒண்ணும் தெரியல.”

அந்த நேரம் பார்த்து அவர் மனைவி சாப்பாட்டுத் தூக்கோடு வந்து நின்றார்.

“நேத்து மத்தியானம் கடை பூட்டியிருந்துச்சே?”

கேட்டது அவ்வளவுதான்.

“படத்துக்குப் போனோம். டிக்கெட் எடுத்தது சலூன்காரர். உன்கிட்ட சொல்ல வேணாம்னது இவரு,” என்று ஈரக் கையால் என்னைக் காட்டினார்.

அண்ணி என்னையும் சலூன்காரரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தூக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்.

சலூன்காரர் மெதுவாகச் சொன்னார்: “எழுதினவனுக்கு மனுசனை நல்லாவே தெரிஞ்சிருக்கு.”