என் முடியை நேர்ந்துகொண்டவர்கள்

என் தலைச்சன் பிள்ளை கைக்குழந்தையாக இருக்கும்போதே காய்ச்சலில் போய்விட்டான். அதன்பிறகு எனக்குப் பேச்சு நின்றுபோனது. வாயைத் திறந்தால் அழுகை வருமோ சாபம் வருமோ என்று எனக்கே பயம்.

நாங்கள் நகரிப் பக்கத்துக் குடியானவர்கள். ஆந்திரா தனி ராஜ்யமாகி, ஊர் அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று ஆண்கள் அடித்துக்கொண்ட காலம். எங்கள் வீட்டில் சண்டை என்னைப் பற்றி.

"பேய் புடிச்சிகினு கீதுடா இவளுக்கு," என்றாள் மாமியார், தன் மகனிடம். வேப்பிலையால் அடித்தார்கள். மிளகாய்ப் புகை போட்டார்கள். எதற்கும் நான் மசியவில்லை. மாமியார், பெருமாள் மலை இருக்கும் திசையில் கையெடுத்துக் கும்பிட்டாள். "ஏழுமலையானே, இவ பேசிட்டா இவ தலைமுடி மொத்தமும் உனக்கு." எண்ணெய்க்குக் கேடு என்று அவள் தினமும் குத்திக்காட்டிய முடி அது.

கடைசியில் வீட்டுக்காரர் சித்தூர் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அங்கே ஒரு நர்சம்மா, தெலுங்குக்காரி. வேலை முடிந்ததும் என் கட்டிலருகே ஸ்டூலைப் போட்டு உட்காருவாள். பேசு என்று ஒருநாளும் சொன்னதில்லை. அவளைக் கண்டாலே எனக்கு எரிச்சல். ஒருநாள் பொறுக்காமல் வாய் வெடித்தது.

"நீ புள்ள பெத்தியா? பெத்து வாரிக் குடுத்தியா? எதுக்கு இங்க வந்து குந்திக்கினு கீற?"

"லேதம்மா, பெக்கலை. உங்க வேதனை எனக்குத் தெரியாது. சொன்னா கேட்டுக்கிறேன். திட்டினாலும் கேட்டுக்கிறேன்."

திட்டினேன். மாமியாரை, வீட்டுக்காரரை, என் பால்தான் விஷம் என்று சொன்ன பக்கத்து வீட்டுக்காரியை. பெருமாளையும் திட்டிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். தப்பு என்றும் அவள் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை.

"சாமி மேலயும் கோவம் உங்களுக்கு," என்றாள். அவ்வளவுதான். பிள்ளை போனபிறகு அன்றைக்குத்தான் அழுதேன்.

நான் பேசிய சேதி ஊருக்குப் போனது. மாமியார் மஞ்சள் புடவையோடு வந்து நின்றாள், பின்னால் வீட்டுக்காரர். "பேசிட்ட இல்ல? கெளம்புடி. அலிபிரி அடிவாரத்துல இருந்து மலைக்கு நடந்தே ஏறணும்."

நர்சம்மா என் பக்கம் திரும்பினாள். "நீங்க என்ன சொல்றீங்கம்மா?"

"அவள எதுக்குக் கேக்கற? இது சாமி காரியம்!"

நர்சம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் நேந்துக்கல. முடி குடுக்க மாட்டேன்," என்றேன்.

"சாமி குத்தம் ஆயிடும்டி," என்றார் வீட்டுக்காரர். "இன்னொரு உசுரும் போவணுமா?"

அந்த வார்த்தையில் எனக்குப் பற்றிக்கொண்டது. "நேந்துக்கினவங்க குடுக்கட்டும். ஏன் அத்த, உங்களுக்குத் தல இல்லியா?"

மாமியார் கையை ஓங்கினாள். நர்சம்மா எழுந்து நடுவில் நின்றாள். ஓங்கிய கை இறங்கியது. "பாவி," என்று காறித் துப்பிவிட்டுப் போனாள் மாமியார்.

நான் வீடு திரும்பியபோது மாமியார் மொட்டைத் தலையில் சந்தனம் பூசி உட்கார்ந்திருந்தாள். பெருமாளுக்குக் கொடுத்த வாக்கை மீற அவளுக்கும் பயம். அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். லட்டுப் பிரசாதத்தைத் தெரு முழுக்கக் கொடுத்தாள், எனக்குக் கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. தலைவாரி முடிந்துகொண்டு, பெருமாள் படத்துக்கு விளக்கேற்றினேன்.

"கோவம் இன்னும் போவல சாமி," என்று அவள் காதில் விழும்படியே சொன்னேன்.