அருவியில் நனைந்த கம்பளி

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, ஆடிச் சாரலின்போது குற்றாலத்தில் நடந்தது இது. ஆய்வகப் பயிற்சி முடித்துத் தென்காசியில் ஓர் ஆஸ்பத்திரியில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். குற்றாலத்தில் அறை எடுத்துத் தங்கி, தினமும் பஸ்ஸில் போய் வந்தேன்.

அடுத்த வீட்டு அம்மாள் அருவிக்கரையில் பழக்கடை வைத்திருந்தார். நான் அவரை அத்தை என்று கூப்பிடுவேன். அவர் மகன் புளியறை வழியாகக் கேரளம் போய்வரும் மர லாரி ஓட்டுகிறவர். வீட்டில் தங்குவது அபூர்வம். மருமகள் காசநோய் கண்டு, வெளியூர் சானடோரியத்தில் ஒரு வருடத்துக்கு மேல் இருந்துவிட்டு, குணமாகி அந்த மாதம்தான் திரும்பியிருந்தாள். அவள் போகும்போது தவழ்ந்துகொண்டிருந்த பெண் குழந்தை, இப்போது வீடெல்லாம் ஓடியது.

படுக்கையில் இருந்தபடியே செய்யலாம் என்று சானடோரியத்தில் கம்பளி பின்னச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். மிச்ச நூல்களைச் சேர்த்து, சிவப்பும் நீலமும் சாம்பலுமாகக் குழந்தைக்கு ஒரு போர்வை பின்னிக்கொண்டு வந்திருந்தாள். தொடக்க வரிசைகளில் கண்ணிகள் இறுகியும் தளர்ந்தும் கிடந்தன. போகப் போகச் சீராகியிருந்தன. கைக்குத் தெம்பு திரும்பியது அதிலேயே தெரிந்தது.

அத்தை மருமகளை ஒரு சொல்கூடக் கடிந்து பேசவில்லை. வேளைக்குச் சோறு போட்டார். ஆனால் தட்டு தனி, தம்ளர் தனி, பாய் பின்கட்டில். குழந்தை முன்னறையில் அத்தையோடு படுக்கும். போர்வையைத் துணி உலர்த்தும் கொடிக்கம்பால் தூக்கிப் புறவாசலில் போட்டுவிட்டார்.

மருமகள் என்னிடம் ஒன்றுதான் கேட்டாள். "அக்கா, நீங்க சொன்னா அத்த கேப்பாக. பிள்ளையப் பக்கத்துல போட்டுப் படுத்துக்கிடலாம்னு சொல்லுங்க."

எதையும் வரிசைப்படுத்திச் சொன்னால்தான் எனக்குச் சொன்ன திருப்தி இருக்கும். அத்தையிடம் விரல் மடக்கிச் சொன்னேன். ஒன்று, சளியில் கிருமி இல்லை. எங்கள் ஆஸ்பத்திரியில் சோதித்தபோது நானே மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். இரண்டு, மருந்தை முழுவதும் முடித்துத்தான் அனுப்பியிருக்கிறார்கள். மூன்று, எங்கள் பெரிய டாக்டரே குழந்தையோடு இருக்கலாம் என்று சொல்லிவிட்டார். நாலாவதாக, போர்வையை எடுத்து நானே போர்த்திக் காட்டினேன்.

அத்தை பொறுமையாகக் கேட்டார். "ஒனக்கென்னம்மா, ஆஸ்பத்திரி ஒடம்பு. கிருமியே ஒன்னயக் கண்டா ஒதுங்கிப் போவும்" என்றார். என் நாலு காரணங்களும் அதோடு முடிந்தன.

மறுநாள் காலை அவரே ஒரு முடிவோடு வந்தார். அருவித் தண்ணீர் மூலிகை கலந்தது, அதில் எந்த தோஷமும் நிற்காது, போர்வையை அதில் ஒரு தரம் காட்டிவிட்டால் மற்றதை யோசிக்கலாம் என்றார். கம்பளி ஊறினால் கனக்கும், இழுபடும், இந்தச் சாரலில் காயாது என்று சொல்ல வாயெடுத்தேன். மருமகள் கண்ணால் தடுத்தாள். யோசிக்கலாம் என்று மாமியார் சொன்னதே அவளுக்குப் பெரிதாக இருந்தது. அவள் அருவிக்குள் இறங்கக் கூடாது என்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு நானும் போனேன்.

அத்தை போர்வையைக் கம்பு நுனியில் மாட்டி, உடம்பில் படாமல் எட்டப் பிடித்தபடி நடந்தார். பெண்கள் பக்கம் போய் அருவியின் ஓரத்தில் கம்பை நீட்டினார். தண்ணீர் விழுந்த வேகத்தில் கம்பு எங்கோ போயிற்று. போர்வை பாறையில் வழுக்கிக்கொண்டு ஓடியது. அத்தை பாய்ந்து இரண்டு கையாலும் அதை அள்ளி, மார்போடு அணைத்துக்கொண்டார். அப்படியே தோளில் போட்டு, சொட்டச் சொட்ட ஏறி வந்தார்.

குளித்துக்கொண்டிருந்த பக்கத்துக் கடைக்காரி, "என்ன மயினி, ஆட்டுக்கிடாயவா குளிப்பாட்டுதிய?" என்றாள்.

"ஆடுன்னா அதுவா நடந்து வருமே. இது எந்தோள்லல்லா ஏறி வருது" என்றார் அத்தை.

தண்ணீர் குடித்த கம்பளியை ஒற்றை ஆளாகப் பிழிய முடியாது. அத்தை ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு மறு நுனியை என் பக்கம் நீட்டினார். அதற்குள் மருமகள் குடையை என் கையில் கொடுத்துவிட்டு முந்திக்கொண்டாள். இருவரும் எதிரெதிராக முறுக்கினார்கள். அவள் முறுக்கிய முறுக்கில் அத்தை ஓரடி தடுமாறினார். நிமிர்ந்து அவளை ஏற இறங்கப் பார்த்தார். ஊர் திரும்பியதிலிருந்து அவளை அவர் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

"ஏட்டி, மெல்ல. என்னயும் சேத்து முறுக்கிருவ போலிருக்கே."

போர்வை அடுப்புக்கு மேலே கொடியில் நாட்கணக்கில் தொங்கியது. அத்தையே அதைத் திருப்பித் திருப்பிப் போட்டார். நான் பயந்தபடியே, காய்ந்து முடிவதற்குள் அகலம் குறுகி, ஆள் உயரத்துக்கும் மேலாக நீண்டுவிட்டது. மருமகளின் முகம் வாடிப்போயிற்று.

அதைக் கொடியிலிருந்து இறக்கிய அன்று, விளக்கு வைத்த பிறகு எட்டிப் பார்க்கப் போனேன். வெளியே நல்ல சாரல். முன்னறையில் அத்தை குழந்தையை நடுவில் போட்டு, போர்வையைக் குறுக்காக விரித்து, ஓர் ஓரத்தில் தான் படுத்திருந்தார். மறு ஓரம் தரையில் மிச்சமாகக் கிடந்தது. பின்கட்டுப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டார்.

"ஏட்டி, இங்கன வந்து படு. நுனி சும்மாக் கெடந்தா குளிரு உள்ள வருதுல்லா."

அவள் ஓடி வரவில்லை. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு மெதுவாக வந்து, குழந்தையின் அந்தப் பக்கம் படுத்தாள். நான் திரும்பி வந்துவிட்டேன்.

கிருமி இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடும்போதெல்லாம், என் வேலை ஒருவரை வீட்டு வாசல் வரைதான் கொண்டுபோய் விடுகிறது என்பதையும், உள்ளே கூப்பிட வேண்டியவர்கள் தங்கள் கையால் தொட்டுத்தான் நம்புவார்கள் என்பதையும் இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.