யன்னலோர இயந்திரம்

இராசாத்திக்கு ஒரு கண் நூலில், மறுகண் கடலில் என்று வலைத் தொழிற்சாலையில் சொல்வார்கள். காரணம் இருந்தது. கலியாணமான வருடமே புருசன் பேதுருவின் வள்ளம் கவிழ்ந்து, ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு அவன் கரை சேர்ந்தான். அதன்பிறகு வள்ளம் திரும்புவதைக் கண்ணால் காணாமல் அவள் நிம்மதியாக மூச்சு விட்டதில்லை. பருத்தித்துறைக்குக் கிழக்கே கடலோரம் இருந்த அந்தத் தொழிற்சாலையில் யன்னலோர இயந்திரத்தை முதல் நாளே கேட்டு வாங்கியவள் அவள்.

எழுபத்துநாலாம் ஆண்டு பெண்கள் ஒவ்வொருவராக வேலையை விட்டார்கள். இப்படியே போனால் தைப்பொங்கலோடு பூட்டிவிடுவேன் என்றார் முதலாளி கனகலிங்கம். மேற்பார்வைக்கு வந்திருந்த தியாகலிங்கம், கரவெட்டியில் தோட்டம் செய்கிறவரின் மகன். அந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரி. அதிகம் பின்னுகிறவளுக்குச் சேலை என்று அறிவித்தான். சேலை இராசாத்திக்கே போயிற்று. அதன்பின் ஒருத்திக்கு நூல் அறுந்தால் அடுத்தவள் திரும்பியும் பார்க்கவில்லை. இன்னும் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள்.

படித்துக் கிழித்தது இதற்குத்தானா என்று தன்னையே கேட்டபடி தியாகலிங்கம் கடற்கரையில் போய் நின்றான். மீனவர்கள் வரிசையாக நின்று கரைவலையின் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார்கள். இழுத்தபடி கயிற்றின் கடைசிக்கு வந்தவன் கையை விட்டு, தண்ணீரோரம் நடந்து போய், முன்னால் பிடித்தான். அடுத்தவனும் அப்படியே. அங்கே எவனுக்கும் நிரந்தரமான இடம் இல்லை.

மறுநாள் எல்லாரையும் கூட்டி, "ஏன் விட்டிட்டுப் போகினம்?" என்று கேட்டான்.

"பின்வரிசையிலை இருந்து பாருங்கோ தம்பி," என்றாள் கடைசி மூலையில் பின்னுகிற மகாதேவி. "கூரைத் தகரம் கொதிக்கிற கொதிக்குச் சோறு வடிக்கலாம். காத்து வாற பக்கம் பாத்துத்தான் சேலையும் போகுது."

சிரித்தார்கள். இராசாத்தி சிரிக்கவில்லை.

"கரைவலை இழுக்கிற மாதிரி, இடத்தை மாறி மாறி இருந்தால் என்ன?" என்றான் தியாகலிங்கம்.

எல்லாக் கண்களும் யன்னலுக்குப் போயின. யாரிடம் எதைக் கேட்டுவிட்டோம் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"அக்கா பாக்காட்டில் பேதுரு அண்ணைக்குக் கரை தெரியாதே," என்றது ஒரு குரல்.

இராசாத்தி எழுந்தாள். கடைசி மூலைக்குப் போய் மகாதேவியின் இடத்தில் இருந்தாள். "போ, போய் அங்கை இரு. உன்ரை மனுசனும் கடலிலைதானே."

அன்று முழுவதும் அவளுக்கு நூல் அறுந்துகொண்டே இருந்தது. பக்கத்தில் இருந்தவள் எழுந்து வந்து முடிந்து கொடுத்துவிட்டுப் போனாள்.

வெயில் சாயும் நேரம் யன்னலில் இருந்து மகாதேவி குரல் கொடுத்தாள். "அக்கா, பேதுரு அண்ணையின்ரை பாய் தெரியுது. பின்னாலை எங்கடை. அங்காலை செல்வநாயகத்தின்ரை."

"ஓம்," என்றாள் இராசாத்தி, தலை நிமிராமல். அதன்பின் அவளுக்கு நூல் அறவில்லை. அன்று காலை முதல் அந்த மனுசி எதைத் தாங்கிக்கொண்டு இருந்தாள் என்று தியாகலிங்கம் எண்ணிப் பார்த்தான். அதற்கு அவன் படித்த எந்தப் பாடத்திலும் பெயர் இல்லை.

முறை மாறி யன்னலில் இருப்பவள் வள்ளங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அன்றோடு வழக்கமாயிற்று. பொங்கலுக்கு முன்பே, விட்டுப்போனவர்கள் திரும்பத் தொடங்கினார்கள். வள்ளம் வரும் சேதி வீட்டைவிட அங்கேதான் முதலில் வருகிறதாம்.