சர்க்கரை முகாமுக்குப் பையோடு போன அம்மா

இன்று காலை ராஜகீழ்ப்பாக்கத்தில் ஓர் ஆட்டோ மைக்கில் கத்திக்கொண்டே போனது. "சர்க்கரைக்கு இலவச யோகா முகாம்! பள்ளி மைதானத்துக்கு வாங்க!"

மீன் விற்கும் என் அம்மாவின் காதில் 'சர்க்கரை', 'இலவசம்' இரண்டும்தான் விழுந்தன. ரேஷன் கார்டும் பையுமாகக் கிளம்பிவிட்டாள்.

அம்மாவுக்குச் சர்க்கரை நோய். பாதம் மரத்துப்போகிறது. உடற்பயிற்சி செய்யச் சொன்ன டாக்டரிடமே, "எம் மீன் கூடையைத் தூக்கிப் பாரு சார்" என்றவள்.

எனக்குப் பிறவியிலேயே பேச்சு வராது, சைகைதான். இன்று அதுவே நல்லதாயிற்று. அது யோகா முகாம் என்று சைகை காட்டாமல் கூடவே போனேன்.

நான் எட்டாவதோடு நின்ற பள்ளிதான். மைதானத்தில் பாய் விரித்திருந்தது. இன்னும் சில பெண்களும் பையோடு நின்றார்கள்.

"இன்னாம்மா, சக்கரை போடலையா?" என்றாள் அம்மா.

யோகா சொல்லித்தரும் அக்கா சிரித்துவிட்டார். "உங்க உடம்புல இருக்கற சர்க்கரையைக் குறைக்கத்தாம்மா கூப்பிட்டோம். மாத்திரையை நிறுத்தாதீங்க, இதையும் சேர்த்துச் செய்யுங்க."

பையோடு வந்தவர்கள் எல்லோரும் சிரித்ததில் அம்மாவும் சிரித்துவிட்டாள். பையை மடித்துத் தலைக்கு வைத்துப் படுத்தாள். சொன்னபடி காலைத் தூக்கினாள்.

திரும்பும்போது சொன்னாள்: "தெரிஞ்சுகினே கம்முனு வந்தியா? நாளைக்கு ரேஷன்ல கிருஷ்ணாயில் ஊத்தறாங்கன்னு இட்டாந்துடாத. நானே வரேன்."

உங்கள் வீட்டு அம்மாக்களை என்ன சொல்லிக் கிளப்புகிறீர்கள்? எனக்கு இனிமேல் ரேஷன் சாக்கு உதவாது.