ஒரு வரித் திருத்தமும் இரண்டு லட்சுமிகளும்

போன சனிக்கிழமை காலை வந்த ஒரு மெயில் என்னை டவுனுக்கு ஓடவைத்தது.

காலாப்பட்டில் கல்லூரியில் பாடம் நடத்தியது போக மிச்ச நேரத்தில் நான் ஒரு சாஃப்ட்வேர் எழுதுகிறேன். ரத்தப் பரிசோதனை லேப்களுக்கு ரிப்போர்ட் அச்சடித்துத் தரும். ஓப்பன் சோர்ஸ் – யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். தப்பு வந்தால்? சின்னதாக ஒரு திருத்தம், ‘பேட்ச்’, வெளியிடுவேன்.

பெரிய வெர்ஷன் என்றால் ஒரு மாதம் சோதிப்போம். பேட்ச்சுக்கு யார் மெனக்கெடுகிறார்கள்? வியாழக்கிழமை, தேதி தப்பாக அச்சாவதைச் சரிசெய்தேன். போகிற போக்கில், பக்கத்து வரி அசிங்கமாக இருக்கிறதே என்று அதையும் ‘சுத்தம்’ செய்தேன். வெளியிட்டேன். நிம்மதியாகத் தூங்கினேன்.

மெயில் எழுதியவர் ஒரு வெளியூர் லேப்காரர். ஒரே பெயரில் இரண்டு பேர் வந்தால் ஒருவர் ரிசல்ட் இன்னொருவர் ரிப்போர்ட்டில் வருகிறதாம். நான் செய்த சுத்தம்தான்! நோயாளியின் நம்பரைப் பார்த்து எடுக்க வேண்டிய ரிசல்ட்டை, பெயரைப் பார்த்து எடுத்திருக்கிறது.

பேட்ச்சை உடனே தளத்திலிருந்து நீக்கினேன். ஏற்கெனவே இறக்கியவர்கள்...? டவுனில் லேப் வைத்திருக்கும் முபினா முந்தின நாளே போன் செய்திருந்தார். “புதுசு போட்டுட்டேன் சார், தேதி சூப்பரா வருது.”

அவருக்குப் போன் அடித்தேன். என்கேஜ்டு. மறுபடியும் என்கேஜ்டு. அங்கே இன்டர்நெட்டுக்கும் போனுக்கும் ஒரே லைன்; நெட் ஓடினால் போன் போகாது. ஸ்கூட்டரை எடுத்தேன். வழியெல்லாம் ஒரே கேள்வி – நம் ஊரில் ஒரே பெயரில் எத்தனை பேர் இருப்பார்கள்?

“முபினா, நேத்தும் இன்னைக்கும் ஒரே பேர்ல ரெண்டு பேர் வந்தாங்களா?” என்று லேப் வாசலிலேயே கேட்டேன்.

ரிஜிஸ்டரில் ஓடிய விரல் நின்றது. “காலைல ரெண்டு லட்சுமி சார். ஏன், இன்னா ஆச்சு?”

சொன்னேன். மெஷின் காட்டும் அளவுகளைக் கையால் குறித்து வைக்கும் நோட்டைத் திறந்தார். வைத்திக்குப்பம் லட்சுமிக்குச் சர்க்கரை தொண்ணூற்றாறு. அச்சடித்துக் கொடுத்ததோ இன்னொரு லட்சுமியின் முந்நூற்று எண்பது! அந்த இன்னொருவரின் ரிப்போர்ட், நல்லவேளை, இன்னும் கொடுக்காமல் மேசையிலேயே கிடந்தது.

“யா அல்லா... அந்தம்மா டாக்டராண்ட போயிருப்பாங்க சார். இன்சுலின் போட்டுட்டா?”

சர்க்கரை சரியாக இருப்பவருக்கு இன்சுலின் போட்டால் உயிருக்கே ஆபத்து. இரண்டு தெரு தள்ளியிருந்த, அந்தம்மாவை அனுப்பிய டாக்டரின் கிளினிக்குக்கு ஓடினோம்.

பெஞ்சில் ரிப்போர்ட்டை மடியில் வைத்துக்கொண்டு, அழுது வீங்கிய முகத்தோடு லட்சுமியம்மா.

“ஊசி போட்டாங்களாம்மா?” முபினாவுக்கு மூச்சு வாங்கியது.

“இன்னும் இல்லம்மா. டாக்டர் இப்பத்தான் வந்தாரு.”

“அது உங்க ரிப்போர்ட் இல்லம்மா. உங்களுக்கு ஒண்ணும் இல்ல.”

“தப்பு என்னுதுங்க, ரிப்போர்ட் அடிக்கிற சாஃப்ட்வேர் நான் எழுதினது” என்றேன்.

லட்சுமியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஒரு மணி நேரமா புள்ளைங்கள நெனச்சி அழுதுகினு இருக்கேன். இன்னா சார் நீங்க?”

மடியிலிருந்த ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டேன்.

லேப்புக்குத் திரும்பி, பழைய வெர்ஷனைப் போட்டு, இரண்டு நாள் ரிப்போர்ட்களையும் நோட்டோடு ஒப்பிட்டோம். வேறு தப்பு இல்லை. ‘பேட்ச்சை உடனே எடுத்துவிடுங்கள், கொடுத்த ரிப்போர்ட்களைச் சரிபாருங்கள், தயவுசெய்து பதில் போடுங்கள்’ என்று லேப்காரர்கள் எல்லாரும் இருக்கும் எங்கள் மெயிலிங் லிஸ்டில் எழுதினேன். இனிமேல் ஒரு வரி மாறினாலும் இன்னொருவர் பார்க்காமல் வெளியிடுவதில்லை.

தளத்தின் கணக்குப்படி பேட்ச்சை இறக்கியவர்கள் பதினாறு பேர். முபினாவையும் சேர்த்துப் பதில் போட்டவர்கள்... பதினைந்து.