ஜோர்ஜ் கானின் லெட்டர்

என் கல்யாணக் கார்டை நானே டைப் செய்தேன். அப்போது மாத்தளை டவுனில் ஒரு முஸ்லிம் நானா வைத்திருந்த, போன் பேசவும் டைப் அடிக்கவும் ஆட்கள் வருகிற கம்யூனிகேஷன் கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். யுத்தம் உச்சத்தில் இருந்த நேரம். கண்டிக்குப் போகிற பஸ்ஸிலிருந்து சோதனைக்கு இறங்கி ஏறுவதே பெரிய வேலையாக இருந்தது.

என் பெயருக்கும் மாப்பிள்ளை பெயருக்கும் நடுவில் ஓர் இதயம் போட ஆசைப்பட்டேன். கம்ப்யூட்டரில் இருந்த இதயத்தை அச்சடித்துக் காட்டியதும் அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. அது சூதாட்டச் சீட்டில் ‘ஆட்டின்’ என்று சொல்கிற இதயமாம். வஹகோட்டைக் கத்தோலிக்கக் கோயிலில் நடக்கிற கல்யாணத்துக்கு அது ஆகாதாம்.

கம்ப்யூட்டரில் விதவிதமான குறிகள் அடுக்கியிருக்கும் பெட்டி ஒன்று உண்டு. அதைத் திறந்து தேடியபோது இது கிடைத்தது: ღ. இதயத்தை ஒரே இழுப்பில் கீறியது போல இருந்தது. அம்மா பூ மாதிரி இருக்கிறது என்றார். கார்டு அடித்தோம்.

கண்டிப் பக்கத்துச் சொந்தக்காரருக்குக் கொடுக்க மாப்பிள்ளை கார்டுக் கட்டோடு புறப்பட்டார். சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் ஒருவர் கட்டைப் பிரித்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. தமிழ் தெரிந்த கான்ஸ்டபிளைக் கூப்பிட்டார். கான்ஸ்டபிள் எங்கள் இரு வீட்டாரின் பெயர்களையும் உரக்க வாசித்து, நடுவில் இருந்த குறியில் நின்றுவிட்டார். இது தமிழ் இல்லை என்றார். சிங்களமும் இல்லை, இங்கிலீசும் இல்லை. அரபு தெரிந்த பயணி ஒருவரை இறக்கிக் கேட்டார்கள். அரபும் இல்லை. யாருக்கும் வாசிக்கத் தெரியாத எழுத்து என்றால் இரகசியக் குறியாகத்தான் இருக்க வேண்டும் என்று மாப்பிள்ளையைப் பொலிசுக்குக் கொண்டுபோனார்கள்.

பிற்பகலில் ஒரு சார்ஜன்ட் அவரையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். கம்ப்யூட்டரில் பெட்டியைத் திறந்து அந்தக் குறியைக் காட்டினேன். கீழே அதன் பெயர் இங்கிலீசில் வந்தது: ஜோர்ஜியன் லெட்டர் கான். சார்ஜன்ட் எழுத்தெழுத்தாக வாசித்து எழுதிக்கொண்டார். பிறகு தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்.

"ஜோர்ஜ் கான் யாரு? அவர் அனுப்பின லெட்டர் எங்க?"

அது ஆள் இல்லை, ஜோர்ஜியா என்கிற நாட்டின் எழுத்து என்றேன். ரஷ்யாவுக்குப் பக்கத்து நாடு என்று நானாவும் சொன்னார்.

"அப்ப மாத்தளைக்கு எப்படி வந்தது?"

கம்ப்யூட்டர் வாங்கும்போதே உள்ளே இருந்தது என்றேன். உள்ளே இருந்ததாக எழுதிக்கொண்டார். ஜோர்ஜ் என்றால் கிறிஸ்தவர், கான் என்றால் முஸ்லிம், ஒரே ஆள் எப்படி இரண்டாகவும் இருக்க முடியும் என்பதுதான் அவரைப் பெரிதும் வருத்தியது.

எல்லாக் கார்டிலும் அந்த எழுத்தை வெட்டிவிட வேண்டும் என்ற நிபந்தனையில் மாப்பிள்ளையை விட்டார்கள். நாங்கள் இரண்டு பேரும் பொலிசுக்குப் போய், அங்கிருந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்து, எங்கள் பெயர்களுக்கு நடுவே பேனையால் கிறுக்கித் தள்ளினோம். அப்படியே கொடுத்த கார்டைப் பார்த்து மாப்பிள்ளையின் அத்தை அழுதுகொண்டே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். கல்யாணம் நின்றுபோனதாக நினைத்தாராம்.

கல்யாணம் நடந்தது. சார்ஜன்ட் சாதாரண உடுப்பில், பரிசாக ஒரு சுவர்க் கடிகாரத்தோடு வந்து, வாசலைப் பார்த்த மேசையில் உட்கார்ந்தார். யார் வந்தாலும் நிமிர்ந்து பார்த்தார். சாப்பாடு முடிகிற நேரத்தில் என் கணவரை அருகில் அழைத்தார்.

"ஜோர்ஜ் வரலையா?"

உண்மையைச் சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை என்று என் கணவருக்கு அதற்குள் விளங்கியிருந்தது.

"குவைத்ல இருக்காருங்க. லீவு கெடைக்கல."

சார்ஜன்டின் முகம் இளகிவிட்டது. அவருடைய தங்கையும் குவைத்தில் ஒரு வீட்டில்தான் வேலை செய்கிறாளாம். தாயின் சாவுக்குக் கூட அவளை விடவில்லையாம். பிறகு எழுந்து, ஜோர்ஜுக்கு அனுப்ப நல்லதாக ஒரு போட்டோ எடுக்கும்படி போட்டோக்காரரிடம் சொல்லிவிட்டு, தலையைச் சீவிக்கொண்டு எங்கள் பக்கத்தில் வந்து நின்றார்.