மெடிக்கலில் தேறியவர்

"எழுபது வயசு ஆளு மெடிக்கல்ல பாஸாம். நாப்பத்தாறு வயசு மஸ்கட்காரன் ஒருத்தன் ஊத்திக்கினானாம். குறிஞ்சிப்பாடி பஸ் டிரைவர் சொல்லிக்கினு போனாரு." டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார் வடக்குத்து ஊர் டீக்கடைக்காரர் தனகோட்டி. "அந்த எழுபது வயசு யாருன்றீங்க? உங்க அப்பாதாங்க!"

மஸ்கட்காரன் யாரென்று அவர் யோசிக்கவில்லை. ஆல்பின் தலையைக் குனிந்து டீயை ஊதினான்.

மஸ்கட்டில் கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது அவன் வேலையும் போயிற்று. அப்பாவிடம் லீவு என்று சொல்லியிருந்தான். நிலக்கரிச் சுரங்கத்தின் கன்வேயர் பெல்ட் ரோலர்களைப் பழுதுபார்க்கும் கார்முகிலின் பட்டறையில் சூப்பர்வைசர் வேண்டும் என்றார்கள். சத்தமில்லாமல் போய்க் கேட்டான். கார்முகில் மெடிக்கல் சோதனைக்கு டாக்டரிடம் அனுப்பினார். பிரஷரும் சுகரும் சேர்ந்து அவனைத் திருப்பி அனுப்பின. அந்த இடத்துக்குத்தான் இப்போது அப்பா.

சுரங்க வேலையிலிருந்து ஓய்வுபெற்றுப் பத்து வருஷமாகியும் அப்பா தைரியநாதனின் உடம்பு ஷிஃப்டிலிருந்து இறங்கவில்லை. இருட்டோடு எழுந்து, கேழ்வரகுக் கூழ் குடித்து, தாம் குடியிருந்த பழைய குவார்ட்டர்ஸ் வரை நடப்பார். வீட்டைத்தான் ஒப்படைத்தார், தாம் வைத்த முருங்கையை அல்ல. இப்போது அங்கே இருக்கும் அம்மாள் முறைத்தால், "வச்சது நான்தாம்மா, உங்களுக்கும் சேத்துப் பறிச்சித் தரேன்" என்று ஒரு பிடி கீரை நீட்டுவார். எதிரே வருகிறவர்களையெல்லாம் "எந்த ஷிஃப்ட்?" என்று கேட்பது பழக்கம். பங்குச்சாமியாரையே கேட்டிருக்கிறார். "ஞாயித்துக்கெழம ஓவர்டைம் உண்டுங்களா ஃபாதர்?"

வறுத்த கடலையைச் சொந்தப் பல்லால் கடிப்பார். அந்தச் சத்தம் ஆல்பினின் வேர்ச் சிகிச்சை செய்த கடைவாய்ப் பல்லில் போய் விழும். மகனின் பணம் மருந்துக்கடையில் கரைய, அப்பாவின் பென்ஷன் கறிக்கடைக்கும் குறிஞ்சிப்பாடி நெசவு லுங்கிக்கும் தாராளமாகப் போயிற்று. போதாததற்கு மாடி கட்டக் கொத்தனாரை வரச்சொல்லியிருந்தார்.

"இந்த வயசுல மாடி யாருக்குப்பா?"

"எனக்குத்தான்டா. மேல காத்து நல்லா வரும்."

பக்கத்து வீட்டுக்காரனைப் பார்த்துப் பொறாமைப்பட்டால் கௌரவமாவது மிஞ்சும். பெற்ற அப்பாவின் முழங்காலைப் பார்த்து வயிறு எரிவதை பாவசங்கீர்த்தனத்தில் எந்தச் சாமியாரிடம் போய்ச் சொல்வது?

பட்டறைக்குப் போகும் முதல் நாள் காலை. அப்பா டிபன் பாக்ஸை மூடும்போது ஆல்பினுக்குத் தாங்கவில்லை.

"அந்த வேலைய நான் கேட்டிருந்தேன்ப்பா."

"ஊத்திக்கினது நீயா?" சிரிக்க வந்தவர் மகனின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "அப்போ லீவு?"

"லீவு இல்லப்பா."

அப்பா டிபன் பாக்ஸின் மூடியை இன்னொரு முறை அழுத்தினார். "நான் விட்டா உனக்குக் குடுப்பானா?"

"மாட்டான். மெடிக்கல் போயிடுச்சே."

"அப்பறம் நான் எதுக்குடா விடணும்?"

அப்பா வாசலில் நின்ற சைக்கிளைத் திருப்பி, ஹேண்டில்பாரை மகன் கையில் கொடுத்தார். தாம் கேரியரில் உட்கார்ந்து, டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டார்.

"மிதி."

மேட்டில் ஏறும்போது ஆல்பினுக்கு நெஞ்சு அடைத்தது. சட்டைப் பையில் போன் அடித்தது. டெய்சியாகத்தான் இருக்கும். பட்டறை வேலை என்னாயிற்று என்று தெரியாமல் பிள்ளைகளின் பரீட்சை முடியும்வரை அவர்களோடு மஸ்கட்டில் காத்திருக்கும் மனைவி.

திடீரென்று வண்டி லேசாயிற்று. திரும்பிப் பார்த்தான். அப்பா குதித்திறங்கி, டிபன் பாக்ஸைக் கக்கத்தில் இடுக்கி, கேரியரைத் தள்ளிக்கொண்டே ஓடிவந்தார்.

"போனை எடேன்டா, யாருன்னு பாரு!"

குரலில் மூச்சுகூட வாங்கவில்லை. ஆல்பின் இரண்டு கைகளாலும் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மிதித்தான். போன் அடித்துக்கொண்டே இருந்தது.